பெரோயா ஊராரின் வழக்கம்

எந்தச் செய்தியை நம்பலாம் என்று நம் சபையாரிடம் கேட்டால், முதலில் சொன்னவர் யார் என்றுதான் பார்ப்பார்கள். அவர் ஜெபிக்கிறவரா, வேதத்தை முழுதாக ஏற்கிறவரா, நம்மைச் சேர்ந்தவரா? ஆம் என்றால் செய்தியும் மெய்யாகிவிடும். இல்லையென்றால் அது 'உலகப் பத்திரிகை'. நான் வேதத்தை எழுத்துக்கு எழுத்து நம்பும் சபையில் பிறந்து வளர்ந்து, அதே சபையில் மூப்பனாக இருக்கிறவன். அந்த நம்பிக்கையில் எனக்கு எந்தத் தளர்வும் இல்லை. ஆனால் செய்தியை எடைபோட இந்த ஒரு படிக்கல் போதாது. என் பிள்ளைகள் வயதில் இருப்பவர்களிடம் இதைச் சொல்லியே ஆகவேண்டும் என்று நினைக்கிறேன்.

உலகப் பத்திரிகையின் மேல் இருக்கும் சந்தேகம் காரணமில்லாமல் வந்ததல்ல. நாம் வாசிக்கும் புத்தகங்களும் கேட்கும் பிரசங்கங்களும் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருகிறவை. அங்கே அந்தக் காயம் நூறு வருஷத்துப் பழசு. 1925இல் டென்னசி மாநிலத்தின் டேட்டன் என்ற சிற்றூரில், பரிணாமக் கொள்கையைக் கற்பித்ததற்காக ஒரு பள்ளி ஆசிரியர்மேல் வழக்கு நடந்தது. நாடெங்கிலுமிருந்து செய்தியாளர்கள் குவிந்தார்கள். பால்டிமோர் பத்திரிகையாளர் எச். எல். மென்கன் அந்த ஊர் விசுவாசிகளை அறிவில்லாத கூட்டமாகவே எழுதித் தள்ளினார். பிறகு வானொலி வந்தது. பெரிய நிறுவனங்கள் பிரதான சபைகளுக்கு இலவசமாக நேரம் ஒதுக்கின. பழைமைவாதப் போதகர்கள் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது, சில இடங்களில் காசுக்கும் கிடைக்கவில்லை. அதனால்தான் 1944இல் தங்களுக்கென்று ஒரு ஒலிபரப்பாளர் சங்கத்தை ஏற்படுத்திக்கொண்டார்கள். நம்மைப் பரியாசம் பண்ணினவனை எப்படி நம்புவது என்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்றைக்குக் கேட்டால், அதில் நியாயம் இருக்கிறது.

அடுத்து நடந்ததுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. வெளியாள் சொன்னதைச் சந்தேகிக்கப் பழகிய மனசு, உள்ளாள் சொன்னதைச் சோதிக்க மறந்துவிட்டது.

1974 டிசம்பரில் இரண்டு வானொலிக்காரர்கள் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையத்திடம் ஒரு மனு கொடுத்தார்கள். கல்விக்கென்று ஒதுக்கிய அலைவரிசைகளை மத நிறுவனங்களுக்குக் கொடுப்பதைத் தற்காலிகமாக நிறுத்தி விசாரியுங்கள் என்று கேட்டார்கள். மனுவின் எண் 2493. ஆணையம் 1975 ஆகஸ்ட்டில் அதைத் தள்ளுபடி செய்தது. விஷயம் அதோடு முடிந்தது. ஆனால் சபைகளுக்குள் வேறொரு கதை பரவியது. நாத்திகத் தலைவி மேடலின் மரே ஓஹேர், சுவிசேஷ ஒலிபரப்பு முழுவதையும் தடைசெய்ய மனு கொடுத்திருக்கிறாராம், உடனே எதிர்த்து எழுதுங்கள் என்றார்கள். அந்த அம்மாவுக்கும் மனுவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆணையம் திரும்பத் திரும்ப மறுத்தும் கோடிக்கணக்கில் கடிதங்கள் வந்து குவிந்தன. 1995இல் அவர் கொலைசெய்யப்பட்டார். அதற்குப் பிறகும் அவர் பெயரைப் போட்ட அதே எச்சரிக்கை மின்னஞ்சலில் சுற்றிக்கொண்டிருந்தது.

எழுதினவர்கள் கெட்டவர்கள் அல்ல. சபையின்மேல் உண்மையான பாரம் உள்ளவர்கள். தங்களுடைய போதகர் சொன்னார், தங்கள் சபையின் சுற்றறிக்கையில் வந்தது, அது அவர்களுக்குப் போதுமாயிருந்தது.

அமெரிக்கக் கதைதானே என்று யாரும் ஆறுதலடைய வேண்டாம். ஆப்கானிஸ்தானில் 22 மிஷனரிகளுக்கு நாளைக்கு மரண தண்டனை, உடனே ஜெபியுங்கள், எல்லாருக்கும் அனுப்புங்கள் என்ற செய்தி நம் கைப்பேசிகளுக்கும் வந்ததுதான். அதன் வேரில் ஒரு மெய்ச் சம்பவம் இருக்கிறது. 2007 ஜூலையில் தென் கொரியாவைச் சேர்ந்த 23 கிறிஸ்தவர்களைத் தலிபான்கள் கடத்தினார்கள். அவர்களில் இரண்டு பேரைக் கொன்றார்கள். மற்றவர்கள் ஆகஸ்ட் முடிவதற்குள் விடுதலையானார்கள். எல்லாம் முடிந்து வருஷங்கள் ஆனபின்பும் 'நாளைக்கு' என்ற வார்த்தை மட்டும் மாறாமல் அந்தச் செய்தி சுற்றிக்கொண்டே இருந்தது. "ஜெபிக்கிறதில் என்ன நஷ்டம், அண்ணாச்சி?" என்று கேட்கிறார்கள். நஷ்டம் இருக்கிறது. பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கட்டளை, ஜெபக் குறிப்பு என்று தலைப்புப் போட்டுவிட்டால் நீங்கிப் போவதில்லை. அதோடு, மெய்யாகவே பாடுபடுகிறவர்களின் குரலை இப்படிப்பட்ட பொய்கள் அமுக்கிவிடும். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸும் அவருடைய இரண்டு பையன்களும் வண்டியில் வைத்து எரிக்கப்பட்டதை, 2008 கலவரத்தில் கந்தமாலில் ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்கள் வீடிழந்து காட்டுக்குள் ஓடியதை நாட்டுக்கு அறிவித்ததில் நாம் ஒதுக்கும் அந்த உலகப் பத்திரிகைகளுக்கும் பெரிய பங்கு உண்டு. அவற்றின் செய்தியாளர்கள் இடத்துக்குப் போனார்கள், பேர் கேட்டார்கள், தேதி குறித்தார்கள்.

அப்போஸ்தலர் நடபடிகள் பதினேழாம் அதிகாரத்தில் பெரோயா ஊராரைப் பற்றி வருகிறது. பவுல் சொன்னதை அவர்கள் மனவிருப்பமாய்க் கேட்டார்கள். அப்படியும் தினந்தோறும் வேதத்தை எடுத்து, காரியம் அப்படித்தானா என்று பார்த்தார்கள். பவுல் கோபப்பட்டதாக அங்கே எழுதவில்லை. அந்தக் குணத்துக்காகவே அவர்களை வேதம் மெச்சுகிறது. கருப்பட்டி வாங்கப் போனால் உடைத்துப் பார்க்காமல் வாங்காத நம் ஊர்க்காரர்கள், மேடையிலிருந்து வந்தது என்பதற்காகவே ஒரு செய்தியை உடைக்காமல் விழுங்குவது எனக்கு விளங்கவில்லை.

இதில் எனக்கு மிகவும் வலிக்கிற உதாரணம் ரவி சகரியாஸ். சென்னையில் 1946இல் பிறந்தவர். அவருடைய புத்தகங்கள் நம் வாலிபர்கள் எத்தனையோ பேருக்கு விசுவாசத்துக்கான காரணங்களைக் கற்றுக்கொடுத்தன. 2017இல் ஒரு பெண்ணின் குற்றச்சாட்டு வெளியே வந்தபோது, அவரும் அவருடைய ஊழிய நிறுவனமும் மறுத்தார்கள்; விசுவாசிகளில் அநேகர் அந்த மறுப்பை நம்பினார்கள். அவருடைய கல்வித் தகுதிகளைத் தோண்டி எடுத்து எழுதியவர் ஒரு நாத்திக வழக்கறிஞர். நாத்திகன் சொல்வதை யார் கேட்பார்கள்? 2020 மே மாதம் ரவி சகரியாஸ் காலமானார். அந்த செப்டம்பரில் 'கிறிஸ்டியானிட்டி டுடே' பத்திரிகை இன்னும் சில பெண்களின் சாட்சியத்தை வெளியிட்டது. பில்லி கிரகாம் 1956இல் தொடங்கிய பத்திரிகை அது. மரித்த ஊழியக்காரரைத் தூற்றுகிறார்கள் என்ற பேச்சு எழுந்தது. கடைசியில் அவருடைய நிறுவனமே அமர்த்திய சட்ட நிறுவனம் 2021 பிப்ரவரியில் கொடுத்த அறிக்கை, பெண்களிடம் அவர் பாலியல் ரீதியாகத் தவறாக நடந்துகொண்டதை உறுதி செய்தது. 2017இல் பேசிய பெண்ணை நம்பாமல் போனதற்காக அவருடைய நிறுவனம் வருந்தியது. அவ்வளவு காலமும் அந்தப் பெண் பொய்க்காரி என்ற பேரைச் சுமந்தாள். 'நம்முடையவர்' என்ற படிக்கல்லின் விலையை அவள்தான் கொடுத்தாள்.

அதே பத்திரிகை 2022 மார்ச்சில் இன்னொரு செய்தியை வெளியிட்டது. தன் அலுவலகத்திலேயே பெண் ஊழியர்களுக்குப் பல வருஷங்களாக நேர்ந்த தொல்லையையும், புகார்கள் வந்தும் நிர்வாகம் சரியாகக் கவனிக்காமல் விட்டதையும் அதன் சொந்தச் செய்தியாளரே விசாரித்து எழுதினார். அந்தப் பத்திரிகையின் தலையங்கங்களில் நான் ஒத்துக்கொள்ளாதவை உண்டு. அரசியலில் அது தடம் மாறிவிட்டது என்று வருந்தும் நண்பர்களும் எனக்கு இருக்கிறார்கள். கருத்து வேறு, செய்தி வேறு. தன் வீட்டுக் குற்றத்தைத் தானே எழுதுகிறவன், அடுத்த வீட்டைப் பற்றிச் சொல்லும்போது நான் காதுகொடுத்துக் கேட்பேன்.

ஆகவே ஒரு பத்திரிகையோ தொலைக்காட்சியோ கிறிஸ்தவப் பெயர் வைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும் நான் பார்ப்பது இரண்டு காரியம். தன் சந்தாதாரர்களுக்கே கசக்கும் செய்தியைச் சமீபத்தில் போட்டிருக்கிறதா? தவறாகப் போட்டதை எல்லாரும் பார்க்கும் இடத்தில் திருத்தியிருக்கிறதா? இந்த இரண்டும் இல்லாத கிறிஸ்தவப் பத்திரிகை வீட்டுக்கு வந்தால், அதன் வேத தியானப் பக்கத்தைச் சந்தோஷமாக வாசிப்பேன். அதன் செய்தியை மட்டும், ஊரும் தேதியும் வேறொரு இடத்தில் ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் ஜெபக்கூட்டத்துக்குக் கொண்டுபோக மாட்டேன்.