மலையைச் சுற்றியபோது கிடைத்த விடை

எங்கள் வீட்டுத் திண்ணையில் கம்பி வளைந்த கறுப்புக் குடை ஒன்று தொங்குகிறது. ஓர் ஐப்பசி மழையில், பேருந்து நிலையத்தருகே அது ‘படக்’கென்று பின்புறமாகக் கவிழ்ந்துவிட்டது. காற்று மெல்ல மெல்லத்தான் வலுத்தது. குடையோ மெல்லக் கவிழவில்லை. சற்றுச் சற்றாக அமுங்கி, ஓர் எல்லையில் சட்டென்று தாவிவிட்டது! அந்தத் தாவலைக் கணக்கிட முடியுமா? அதுவே என் முதுகலைத் திட்டக் கட்டுரையின் பொருளாயிற்று.

குடை சிக்கலானது என்று பேராசிரியர் எளியதோர் உருவத்தைத் தந்தார். கூரையின் முகட்டில் இரு கைமரங்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்பதுபோல் இரண்டு கம்பிகள்; உச்சியில் சுமை. ரிச்சர்டு ஃபான் மீசஸ் என்னும் அறிஞரின் பெயரால் வழங்கும் சட்டம் அது. சாய்வு குறைவான சட்டத்தில், தொடக்க உயரத்தில் ஏறத்தாழ 42 விழுக்காடு உச்சி தாழ்ந்ததும் தாங்குதிறன் உச்சத்தை எட்டும். அதன்மேல் ஒரு பிடி மண் வைத்தாலும் சட்டம் மறுபுறம் தாவிவிடும்.

சமன்பாடு நேரியலற்றது, நியூட்டன் முறையில் படிப்படியாகத்தான் தீர்க்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் வகைக்கெழு தேவை. கையால் வகையிட்டேன். எங்கோ ஒரு கழித்தல் குறி, கூட்டல் குறியாகிவிட்டது. விடை நெருங்குவதற்குப் பதிலாக விலகி ஓடியது. பத்து நாள் பிழையைத் தேடினேன். இளங்கலையில் ஒரு தாளில் தவறி, ஓராண்டு வீட்டிலிருந்து ஆயாவோடு பூக்கட்டியவள் நான். மறுபடியும் அப்படியாகிவிடுமோ என்ற அச்சத்தில் உறக்கம் வரவில்லை.

“கையால் ஏனம்மா வகையிடுகிறாய்? கணிப்பொறியே செய்யட்டும்” என்றார் பேராசிரியர். இரு மதிப்புகளின் வேறுபாட்டைச் சிறு இடைவெளியால் வகுக்கும் பழைய வழியை அவர் சொல்லவில்லை. அதில் இடைவெளி பெரிதானால் விடை கரடுமுரடாகும். மிகச் சிறிதானால் ஏறக்குறையச் சமமான எண்களைக் கழிப்பதில் இலக்கங்கள் தொலைந்துபோகும். அவர் சொன்னது தானியங்கு வகையிடல். 1964-இல் வெங்கர்ட் என்பவர் இதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒவ்வோர் எண்ணும் தன் சரிவையும் கூடவே சுமந்து செல்லும். எண் 3, சரிவு 1 என்க. அதை அதனாலேயே பெருக்கினால் மதிப்பு 9; சரிவு, பெருக்கல் விதிப்படி 3 × 1 + 1 × 3 = 6. எவ்வளவு நீண்ட கோவையானாலும், ஒவ்வொரு சிறு செயலிலும் கணிப்பொறி இவ்விதியையே கையாளும். என் குறிப்பிழை அன்றே தீர்ந்தது.

ஆனால் அடுத்த தடை காத்திருந்தது! சுமையைச் சிறிது சிறிதாக ஏற்றி விடை கண்டுகொண்டே போனேன். உச்ச எல்லைக்கு அருகில் நிரல் நின்றுவிட்டது. எப்படி மாற்றினாலும் அதே இடம். வேறு தலைப்புக் கேட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன்.

அன்று பௌர்ணமி. ஆயாவோடு கிரிவலம் புறப்பட்டேன். இராச கோபுரத்திலிருந்து தெற்கே போய், மேற்கே திரும்பி நடந்தோம். கால் வலித்தது. “கோயில் இன்னும் எட்டத்தான் போவுது ஆயா” என்று சலித்துக்கொண்டேன்.

“எட்டப் போவுதா கிட்ட வருதான்னு பாக்காத கண்ணு. எம்மாந் தூரம் நடந்தோம்னு பாரு” என்றார்.

வருண லிங்கத்துப் பக்கம் பாதை வளைந்து, பிறகு கிழக்கே திரும்பத் தொடங்கியது. அங்கே நின்றுவிட்டேன். ‘ஒவ்வோர் அடியும் மேற்கு நோக்கியே வைப்பேன்’ என்று ஒருவன் பிடிவாதம் பிடித்தால், இந்த வளைவுக்கு அப்பால் அவனுக்குப் பாதையே இல்லை! நடந்த தூரத்தைக் கணக்கு வைப்பவனோ பதினான்கு கிலோமீட்டரையும் சுற்றி வந்துவிடுவான். ‘சுமை ஏறிக்கொண்டேதான் இருக்க வேண்டும்’ என்று பிடிவாதம் பிடித்தது என் நிரல்.

மறுநாள் பேராசிரியரிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே அலமாரியிலிருந்து ஒரு நூலை எடுத்துக் கொடுத்தார். வெம்ப்னர் 1971-இலும், ரிக்ஸ் 1979-இலும் வெளியிட்ட வில் நீள முறை அதில் இருந்தது. சுமையையும் அறியாக் கணியமாக வைத்து, விடைப் பாதையில் இத்தனை தூரம் நகர்க என்று ஒரு சமன்பாட்டைக் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். அவ்வளவுதான்!

நிரல் எல்லையைக் கடந்தது. உச்சி தாழத் தாழச் சுமை குறைந்தது. கம்பிகள் கிடைமட்டமானபோது சுழியாயிற்று. அதற்கு அப்பால் மேல்நோக்கிப் பிடித்தால்தான் சட்டம் நிற்கும் என்றது. பின்னர் மறுபடி ஏறியது. தாவலின்போது கண்ணுக்குத் தெரியாமல் போகும் பாதை முழுவதும் திரையில் வளைகோடாகத் தெரிந்தது.

வாய்மொழித் தேர்வில், “சுமை குறைகிறதே, இது பின்னடைவு இல்லையா?” என்று வெளித்தேர்வாளர் கேட்டார். “இல்லை ஐயா, பாதை முன்னேதான் செல்கிறது” என்றேன். அப்போது நான் நினைத்தது சட்டத்தை மட்டுமன்று. பூக்கட்டிய அந்த ஓராண்டையும்தான்.

— இரண்டாம் ஆண்டு முதுகலைக் கணித மாணவி