எழுந்து போனவரைப் பற்றி

எங்கள் கொடுமுடிக்கும் நாக்குக்கும் பழைய உறவு உண்டு. சுந்தரர் இந்தக் காவிரிக் கரைக் கோயிலில் பாடியதற்கு நமச்சிவாயப் பதிகம் என்றே பெயர். தான் இறைவனை மறந்துபோனாலும் தன் நாக்கு மறக்காமல் அந்த நாமத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும் என்பது அதன் கருத்து. 1908-ல் கே.பி. சுந்தராம்பாள் பிறந்ததும் இந்த ஊரில்தான். அந்த அம்மையார் பாடினால் ஓர் எழுத்துகூட மழுங்கி விழாது. நான் கிறிஸ்தவ சபையின் மூப்பர்களில் ஒருவன். சுந்தரரின் கருத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு 137-ம் சங்கீதம் ஞாபகத்துக்கு வரும். பாபிலோனின் ஆற்றங்கரையில் சிறைப்பட்டுக் கிடந்தவர்கள், எருசலேமை மறந்தால் தங்கள் நாக்கு மேல்வாயோடு ஒட்டிக்கொள்ளட்டும் என்றார்கள். மனம் மறந்தாலும் நாக்கு விடாது என்கிறார் இவர். மனம் மறந்தால் நாக்கே எதற்கு என்கிறார்கள் அவர்கள். இரண்டு ஆற்றங்கரையிலும் நாக்கை யாரும் லேசாக நினைக்கவில்லை.

கொங்குப் பேச்சு மரியாதையான பேச்சு என்று வெளியூர்க்காரர்கள் சொல்வது நிஜம்தான். தவழுகிற பிள்ளையைக்கூட ‘வாங்க சாமி’ என்று தூக்குகிற ஊர் இது. சண்டையிலும் ‘ங்க’ விழும். அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் முகத்துக்கு நேரே மரியாதை கொடுப்பது வளர்ப்பில் வந்துவிடுகிறது. அந்த மனிதர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போன பிறகு அவரைப் பற்றி என்ன பேசுகிறோம் என்ற இடத்தில்தான் விசுவாசத்துக்கு வேலை வருகிறது. நாக்கைப் பற்றிச் சொல்லும் யாக்கோபு நிருபத்தின் 3-ம் அதிகாரத்தை வைத்துப் பிரசங்கம் கேட்கும்போது நாம் கோபத்தையும் கெட்ட வார்த்தையையுமே நினைத்துக்கொள்கிறோம். நம் சபைகளில் கெட்ட வார்த்தை பேசுகிறவர்கள் குறைவு. என் அனுபவத்தில் சபைகளை அதிகம் காயப்படுத்தியது, இல்லாதவரைப் பற்றி அக்கறையோடு தாழ்ந்த குரலில் பேசிய பேச்சு. வள்ளுவரும் புறங்கூறாமைக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கி, அதையடுத்துப் பயனில சொல்லாமையை வைத்தார். திருக்குறளை மொழிபெயர்த்து 1886-ல் வெளியிட்ட போப் ஐயர், நற்செய்தி சொல்ல வந்தவர். அந்த இரண்டு அதிகாரங்களையும் அவர் எத்தனை முறை படித்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு வீட்டு ஜெபக் கூட்டம். ஜெபக் குறிப்புகளைக் கேட்கிற நேரம். ஓர் அம்மா சொன்னார்: “பேர் வேண்டாங்க, ஆண்டவருக்குத் தெரியும். நம்ம சபைப் பொண்ணுதான். சிவகிரிப் பக்கம் கட்டிக் குடுத்தது. மாசக் கணக்கா அம்மா வீட்லயே இருக்குது. என்னன்னு தெரியலீங்க. ஜெபத்துல வெச்சுக்கோங்க.” பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் கண்ணை மூடுவதற்கு முன்னால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜெபம் முடிந்து டீ வந்தது. “என்னவாமுங்கக்கா?” என்ற கேள்வியும் கூடவே வந்தது. அடுத்த ஞாயிறு அந்தப் பெண் ஆராதனைக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. அவளுடைய தாயார் மட்டும் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்து, ஆயர் ஆசீர்வாதம் கூறி முடிப்பதற்குள் எழுந்து போனார்.

அந்தக் குறிப்பைச் சொன்ன அம்மா கெட்டவர் இல்லை. கண்ணீரோடுதான் ஜெபித்தார். அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவள் வாழ்க்கையைக் கூட்டத்தின் நடுவில் வைத்துவிட்டார், அவ்வளவுதான். இப்போது இதே குறிப்பு குரல் பதிவாகி வாட்ஸ்அப்பில் போகிறது. பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிவதற்குள் துபாயில் இருக்கிற பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது. அதனால் யார் குறிப்புக் கொண்டுவந்தாலும் “அவங்களைக் கேட்டுட்டீங்களா?” என்று கேட்டுவிடுவது என் வழக்கம். சிலருக்கு வருத்தம்தான். இருக்கட்டும்.

எண்ணாகமம் 12-ம் அதிகாரத்தை நம் சபைகளில் இன்னும் நிறுத்தி வாசிக்க வேண்டும். மிரியாம் சாதாரணப் பெண் அல்ல. செங்கடலைக் கடந்தபோது தம்புரு எடுத்துக்கொண்டு பெண்களை நடத்திப் பாடினவள். அதே வாய், ஆரோனோடு சேர்ந்துகொண்டு, மோசே மணந்த எத்தியோப்பியப் பெண்ணைச் சாக்காக வைத்து மோசேக்கு விரோதமாகப் பேசிற்று. அவளுக்குக் குஷ்டம் கண்டது. ஏழு நாள் பாளயத்துக்கு வெளியே இருந்தாள். எனக்குப் பெரிதாகப் படுவது அதற்கப்புறம் வருவது: அவள் திரும்பி வரும்வரை ஜனங்கள் அங்கிருந்து நகரவே இல்லை. போருக்குப் போகத்தக்க ஆண்கள் மட்டுமே 6,03,550 பேர் என்று அதே புத்தகம் கணக்குச் சொல்கிறது. பெண்டு பிள்ளைகள், ஆடுமாடுகள் வேறு. அத்தனை பேரும் கூடாரத்தைப் பிரிக்காமல் ஏழு நாள் காத்துக் கிடந்தார்கள். நம் சபைகளில் சுற்றுச்சுவர் பாதியில் நிற்பதும், ஓய்வுநாள் பள்ளிக்கு வாத்தியார் கிடைக்காமல் போவதும் பல நேரம் பணத்தால் அல்ல. யாரோ இருவர் பேச்சு நின்றுபோனதால். மிரியாமுக்காகக் கர்த்தரிடம் முறையிட்டவன், அவள் யாரைப் பேசினாளோ அந்த மோசேதான்.

மத்தேயு 18-ல் இயேசு வழியையும் சொல்லிவிட்டார். குற்றம் செய்த சகோதரனிடம் தனியாகப் போய்ப் பேசு. அவன் கேட்காவிட்டால் ஓரிருவரைக் கூட்டிக்கொள். சபைக்குச் சொல்வது அதற்கும் பிறகு. நாம் ஊருக்குச் சொல்லி, ஆயருக்குச் சொல்லி, கடைசியில்தான் அவர் காதுக்கு விடுகிறோம். எனக்குத் தெரிந்த அண்ணன் தம்பி, பக்கத்துப் பக்கத்துத் தோட்டம். பொழியில் நின்ற ஒரு தென்னையால் மனத்தாங்கல். அண்ணன் இப்படிச் சொன்னார் என்று மூன்றாமவர் தம்பியிடம் வந்து சொன்னதில் அது பகையாகிவிட்டது. திருவிருந்துக்கு ஒருவர் போய்வந்த பிறகே மற்றவர் எழுவார். இப்படியே வருஷங்கள் ஓடின. ஒரு சாயங்காலம் அண்ணன் யாரையும் கூட்டிக்கொள்ளாமல் தம்பி வாசலில் போய் நின்றார். “நான் அப்படிச் சொன்னனான்னு எங்கிட்டயே கேட்டிருக்கலாமில்ல தம்பி” என்றார். தம்பி கொஞ்ச நேரம் தலை நிமிரவில்லை. பிறகு “உள்ள வாங்கண்ணா” என்றார். தம்பி சம்சாரம் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அப்புறம் மஞ்சள் விலையைத்தான் பேசினார்களாம். தென்னையைப் பற்றிப் பேச்சே வரவில்லை என்று தம்பியே என்னிடம் சொன்னார்.

இதைக் கேட்டுவிட்டு, நாக்கை அடக்குவதென்றால் ஒதுங்கிக்கொள்வது என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். ‘எனக்கெதுக்குங்க வம்பு’ என்பார்கள். அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இல்லாதவருக்காகப் பேச ஓர் ஆள் வேண்டும். ஜெபக் குறிப்பில் வந்த அந்தச் சபைப் பெண்ணைப் பற்றிய பேச்சு மறுபடி ஒரு கூட்டத்தில் எழுந்தபோது, வயதான ஓர் அக்கா பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: “அந்தப் புள்ளைக்கு ஓய்வுநாள் பள்ளியில பாடம் சொல்லிக் குடுத்தவ நான். அதும் மனசு எனக்குத் தெரியும். பாட்டை ஆரம்பிக்கலாங்க.” பேச்சு அதோடு நின்றது. மறுநாள் அவரே அந்த வீட்டுக்குப் போய், கிறிஸ்துமஸ் பாடகர் குழுவுக்கு அவளைக் கூப்பிட்டார். அவள் வந்தாள்.

பர்னபா செய்ததும் இதுதான். சீப்புரு தீவைச் சேர்ந்த லேவியன். பின்னாளில் பவுல் எனப்பட்ட சவுல் மனம் திரும்பி எருசலேமுக்கு வந்தபோது, சபையைத் துன்பப்படுத்தினவன் என்று சீஷர்கள் எல்லாரும் பயந்து விலகினார்கள். பர்னபா அவரைக் கூட்டிக்கொண்டு அப்போஸ்தலரிடம் போய், அவருக்கு நடந்ததை எடுத்துச் சொன்னார். புதிய ஏற்பாட்டில் பவுலின் பெயரோடு 13 நிருபங்கள் இருக்கின்றன. அந்த வாசலில் பர்னபா வாய் திறந்திராவிட்டால் என்னவாகியிருக்குமோ!

பிற்பாடு அதே பவுலிடமே பர்னபா இன்னொருவருக்காகப் பேச வேண்டி வந்தது. இருவரும் சேர்ந்து போன முதல் ஊழியப் பயணத்தில் அவர்களைப் பம்பிலியாவிலேயே விட்டுத் திரும்பிப் போன வாலிபன் மாற்கு. அவனைத் திரும்பவும் அழைத்துப் போவதா என்பதில் இருவருக்கும் கடும் வாக்குவாதம். பவுல் இணங்கவில்லை, இருவரும் பிரிந்தார்கள். பர்னபா மாற்கைக் கூட்டிக்கொண்டு சீப்புருவுக்குக் கப்பலேறினார். வருஷங்கள் கழித்துப் பவுல் சிறையில், தன் முடிவு நெருங்கிவிட்டது என்று தெரிந்து, தீமோத்தேயுவுக்கு இரண்டாம் நிருபம் எழுதுகிறார். தன் மேலங்கியையும் புத்தகங்களையும் கொண்டுவரச் சொல்கிறார். மாற்கையும் கூட்டிக்கொண்டு வா, அவன் ஊழியத்துக்குப் பயன்படுகிறவன் என்றும் எழுதுகிறார்.