தனுஷ்கோடியில் ஒரு குடம் நீர்



சென்ற ஷஅபான் விடுமுறையில் மக்தப் மாணவர் 12 பேருடன் உசிலம்பட்டியிலிருந்து இராமேஸ்வரம் தீவுக்குச் சென்றோம். 58 கிராமக் கால்வாயில் தண்ணீர் வருமா வராதா என்று பெரியவர்கள் பேசக் கேட்டே வளர்ந்த பிள்ளைகள். கடலைக் கண்டதும் எழுந்த கூச்சலை அடக்க நம்மால் இயலவில்லை. அடக்கவும் மனம் வரவில்லை.

தீவின் கோடியில் இருக்கிறது தனுஷ்கோடி. 1914 முதல் ரயிலில் வந்தோர் இங்கே இறங்கி, கப்பலேறித் தலைமன்னார் சென்றனர். 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவில் வீசிய புயல் ஊரையே வாரிக்கொண்டது. பாம்பனிலிருந்து வந்த ரயிலும், அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரும் கடலோடு போயினர். வாழத் தகுதியற்ற இடமென அரசு அறிவித்தது. ஆயினும் இடிந்த தேவாலயத்தின் அருகே மீனவர்கள் குடிசையிட்டு இன்றும் தொழில் செய்கின்றனர்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆது, ஸமூது கூட்டத்தாரின் அழிவைப் பாடம் நடத்தும்போதெல்லாம், இவ்வூரையும் சேர்த்துச் சொல்வது நம் வழக்கமாயிருந்தது.

ளுஹர் நேரம். கடல்நீரில் உளூச் செய்யப் பிள்ளைகள் இறங்கியபோது, முதிய மீனவப் பெண் ஒருவர் குடத்துடன் வந்தார். "ஊத்துத் தண்ணி பாய், இதுல கழுவிக்கிட்டுத் தொழுங்க" என்றார். மணலைச் சில அடி தோண்டினால் ஊறும் நன்னீர் அது. இருபுறமும் உப்புக்கடல், நடுவே இந்த இனிப்பு! சுப்ஹானல்லாஹ். அகப்பை அகப்பையாக முகந்து சேர்த்த நீரை நம் காலில் ஊற்றக் கொடுத்தார்.

அப்போதுதான் ஒரு மாணவன் உரக்கக் கேட்டான்: "ஹஜ்ரத், இவங்க செஞ்ச பாவத்துக்குத்தானே புயல் வந்துச்சு?"

அம்மூதாட்டி கோபிக்கவில்லை. "என் தம்பிக்கு அப்ப மூணு வயசு பாய். அவன் என்ன பாவம் பண்ணியிருப்பான்?" என்று மட்டும் கேட்டார். நம்மிடம் பதிலில்லை. "மன்னிச்சிடுங்கம்மா" என்றோம். குடத்தைச் சாய்த்து மீதி நீரையும் ஊற்றினார்.

ஊர் திரும்பியதும் முதற்பாடமாக, அண்ணலாரின் (ஸல்) மகனார் இப்ராஹீம் மறைந்த நாளின் செய்தியை நடத்தினோம். அன்று சூரிய கிரகணம் நேர்ந்தது; குழந்தையின் இறப்பாலேயே என்று மக்கள் பேசினர். எவருடைய இறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று, மகனை இழந்த துயரிலும் நபியவர்கள் திருத்தினார்கள். கேள்வி கேட்ட மாணவன் தலைகுனிந்தே அமர்ந்திருந்தான். பிழை அவனுடையதன்று, அவன் நம் சொல்லைத்தான் திருப்பிச் சொன்னான் என்று எல்லோர் முன்னிலையிலும் கூறினோம்.