எங்க வாசல் படி எங்கே போச்சு?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பி.காம். மூன்றாம் வருடம். டெபிட், கிரெடிட் தாண்டி எதுவும் தெரியாது. அப்படிப்பட்ட நான் மழைநீர் வடிகால் பற்றி எழுதுவதைப் பார்த்து கிளாஸ்மேட்ஸ் சிரிப்பீர்கள். சிரியுங்கள், ஆனால் முழுசாகப் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

எங்க வீடு மேற்கு மாம்பலத்தில். கீழே அப்பாவின் ஜெராக்ஸ் கடை, மேலே நாங்கள். போன மே மாதம் தெருவில் அளவெடுக்க வந்தார்கள். பழைய வடிகாலை எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டி, அப்புறம் ரோடு போடப் போகிறார்களாம். போகும்போது சுவரோரமாக சிவப்பு பெயிண்டில் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனார்கள். கோட்டுக்கு வெளியே இருப்பதெல்லாம் இடிபடும். எங்க கடை வாசலில் இருக்கும் சறுக்கு முழுசும் கோட்டுக்கு வெளியே.

அந்தச் சறுக்கு அப்பாவுக்குச் சாதாரண விஷயம் இல்லை. 2015 டிசம்பர் மழையில் கடைக்குள் முழங்கால் தண்ணீர். இரண்டு மெஷின், பேப்பர் கட்டுகள், பைண்டிங் சாமான் எல்லாம் போச்சு. அப்போது நான் சின்னப் பையன். மாடிப்படியில் உட்கார்ந்து அப்பா அழுததை அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன். மறு வருஷமே கடன் வாங்கி வாசலை உயர்த்தி, தண்ணீர் ஏறாதபடி மேடு கட்டி, அதிலிருந்து தெருவுக்கு டைல்ஸ் போட்ட சறுக்கு ஒன்றும் போட்டார்.

அதை இடிப்பதா? அப்பா கொதித்துவிட்டார். தெருவில் இன்னும் பதினாலு வீட்டுக்கு இதே கதி. எல்லோரும் கூடி மனு கொடுப்பது என்று முடிவாயிற்று. "உன் பையன்தான் காலேஜ் படிக்கிறானே, அவனை எழுதச் சொல்லு" என்று எதிர்வீட்டு மாமா கைகாட்ட, வேலை என் தலையில் விழுந்தது.

மனு என்றால் கணக்கு வேண்டும் இல்லையா? பக்கத்துத் தெரு மேஸ்திரி ஒருவரைப் பிடித்தேன். அவர் பெரிய கருவி எதையும் எடுத்து வரவில்லை. டியூப் லெவல் மட்டும்தான். நீளமான பிளாஸ்டிக் குழாய் நிறையத் தண்ணீர், ஆளுக்கு ஒரு முனை. நடுவில் காற்றுக் குமிழி இல்லை என்றால் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அங்கிருந்து தரை வரை டேப் வைத்து அளந்தால் எது மேடு, எது பள்ளம் என்று தெரிந்துவிடும்.

1984-ல் தாத்தா கட்டியபோது தெருவிலிருந்து இரண்டு படி ஏறித்தான் வீட்டுக்குள் வர வேண்டுமாம். ஏறக்குறைய 30 செ.மீ. இப்போது அளந்தால், பழைய தரை ரோட்டின் நடுப்பகுதியை விட 8 செ.மீ. கீழே! வீடு இறங்கவில்லை, ரோடுதான் ஏறியிருக்கிறது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே அடுத்த லேயர். ஒரு தடவைக்கு 4, 5 செ.மீ. என்று நாற்பது வருஷம் போட்டால் இரண்டு படி காணாமல் போகத்தானே செய்யும்?

பழைய தாரை மெஷின் வைத்துச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே கனத்துக்குப் புதுசு போடுவதற்கு மில்லிங் என்று பெயர். சாலை மட்டம் உயரக்கூடாது, சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021 மே மாதமே அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவு போட்டிருக்கிறார். இது கிடைத்ததும் எனக்கு ஒரே குஷி. மனுவுக்கு நல்ல பாயிண்ட்!

அடுத்து தண்ணீர்க் கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். எங்க தெரு 200 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். இரண்டு பக்கமும் வீடுகள் 15 மீட்டர் ஆழம். மொத்தம் 7,200 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. கொட்டினால் 3,60,000 லிட்டர். எங்கும் சிமெண்ட் தரை என்பதால் அதில் ஐந்தில் நாலு பங்கு ஓடி வருகிறது என்று வையுங்கள், 2,88,000 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி 24! ஒரே மணி நேரத்தில், ஒரே ஒரு தெருவில்.

இந்த 24 லாரித் தண்ணீரும் முதலில் ரோட்டின் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓட வேண்டும். அதற்காகத்தான் மீட்டருக்கு 2 செ.மீ. போல ரோட்டுக்குச் சரிவு கொடுக்கிறார்கள். ஓரத்துக்கு வந்தது கம்பி ஜல்லடை வழியாக வடிகாலுக்குள் இறங்க வேண்டும். வடிகாலின் அடித்தளம் ஒரே சீராகச் சரிந்து பெரிய கால்வாய்க்கும், அங்கிருந்து அடையாற்றுக்கும் போக வேண்டும். நடுவில் ஒரு இடம் மக்கர் பண்ணினாலும் மற்றதெல்லாம் வீண்.

"அது சரி தம்பி, ஜல்லடை எங்கே?" என்றார் மேஸ்திரி.

தேடினோம். எங்க பக்கத்தில் மூன்றுதான் கண்ணில் பட்டது. நாலாவது இருக்க வேண்டிய இடத்தில் எங்க அப்பாவின் சறுக்கு. ஓரத்தில் சிமெண்டுக்கு வெளியே ஒரு கம்பி மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. 2016-ல் எங்க கடைக்குள் தண்ணீர் வராமல் இருக்க, தெருத் தண்ணீர் வெளியேறும் வாயையே நாங்கள் மூடியிருக்கிறோம். 2021 நவம்பரில் ஒரே ராத்திரியில் 20 செ.மீ.க்கு மேல் கொட்டியதே, ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு எங்க கடை தப்பியது. பள்ளத்தில் இருக்கும் இஸ்திரி போடும் அண்ணன் வீட்டில் நாலு நாள் தண்ணீர். "பாவம்" என்று அம்மா சாப்பாடு கொடுத்து அனுப்பினார்கள். கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. மேஸ்திரி ஒரு மூடியைத் திறந்து கம்பியை விட்டுப் பார்த்தார். 60 செ.மீ. ஆழ வடிகாலில் 35 செ.மீ. சேறு. அதன்மேல் சோப்பு நுரையோடு தண்ணீர். மே மாதம், ஒரு சொட்டு மழை இல்லை. மழைநீர் வடிகாலில் தண்ணீர் எங்கிருந்து வந்தது? சென்னையில் கழிவுநீர்க் குழாய் வேறு, மழைநீர் வடிகால் வேறு. கழிவுநீர் இதற்குள் வரவே கூடாது. வீட்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். எங்க சமையலறைக் குழாய் நேராக அதில்தான் இறங்குகிறது. தெருவில் நாங்கள் மட்டும் இல்லை. ஆனால் நாங்களும்தான்.

அன்று ராத்திரி மனுவை எழுத உட்கார்ந்தேன். "எங்கள் வாசல்களை இடிக்கக் கூடாது" என்ற முதல் வரிக்கு மேல் பேனா நகரவில்லை.

காமர்ஸில் முதல் வருடமே சொல்லித் தருவார்கள், மூலதனச் செலவு வேறு, வருவாய்ச் செலவு வேறு. வடிகால் கட்டுவது மூலதனச் செலவு. வருஷா வருஷம் மழைக்கு முன்னால் தூர் வாருவது வருவாய்ச் செலவு. மெஷின் வாங்கிப் போட்டுவிட்டு சர்வீஸுக்குக் காசு ஒதுக்காத கடை எத்தனை நாள் ஓடும்? சறுக்கும் அப்படித்தான். எங்க புத்தகத்தில் லாபம் என்று எழுதியிருந்தோம். அதே தொகை இஸ்திரி அண்ணன் புத்தகத்தில் நஷ்டமாக ஏறியிருந்தது.

மனுவைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். பழைய தாரைச் சுரண்டி ரோட்டின் மட்டத்தை இறக்க வேண்டும். முதலில் வடிகால், கழிவுநீர், குடிநீர், கேபிள் வேலை எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில்தான் ரோடு போட வேண்டும். இல்லாவிட்டால் போட்ட மறுமாதமே தோண்டுவார்கள். வடிகாலின் அடிமட்டம் பெரிய கால்வாயின் மட்டத்தோடு ஒத்துப்போகிறதா என்று கான்கிரீட் போடும் முன் எங்களுக்குக் காட்ட வேண்டும். ஜல்லடைக்குக் கீழே சேறு தங்கும் தொட்டி வேண்டும், அதை எடுக்கும் தேதியும் வேண்டும். வீட்டுக் குழாய்களைக் கழிவுநீர் லைனுக்கு மாற்ற ஒரு மாதம் அவகாசம் வேண்டும். கடைசியாக, ஜல்லடையை மூடும் சறுக்குகளை யாருக்கும் விலக்கு இல்லாமல் எடுக்க வேண்டும்.

அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கடைசி வரி வந்ததும், "டேய், நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்றார். அதற்கப்புறம் இரண்டு நாள் பேச்சே இல்லை. "மறுபடி தண்ணி வந்தா மெஷினுக்கு யாருடா பொறுப்பு?" என்று மட்டும் ஒருமுறை கேட்டார். நியாயமான கேள்விதான், என்னிடம் முழுப் பதில் இல்லை. பெருநகரங்களின் மையப் பகுதியில் வடிகாலை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வரக்கூடிய மழைக்குத்தான் திட்டமிடச் சொல்கிறது 2019-ல் வந்த மத்திய அரசின் கையேடு. 2015 மாதிரி ஆறே நிரம்பி வழிந்தால் எந்த வடிகாலும் தாங்காது. அதையும் மறைக்காமல் சொன்னேன். "ஆனா சாதாரண மழைக்கே இப்ப நிக்குதேப்பா, அதுவாவது போகும்" என்றேன்.

மூன்றாம் நாள் காலையில் கடை திறந்ததும் அப்பா டியூப் லெவலைக் கேட்டார். மேஸ்திரியிடம் வாங்கி வந்தேன். ஒரு முனையை நான் பிடிக்க, இன்னொரு முனையோடு இஸ்திரி அண்ணன் வாசல் வரை போனார். குழாயில் நின்ற தண்ணீரை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் மனுவில் முதல் கையெழுத்து அப்பாவுடையது. பதினாலு வீட்டில் ஒன்பது பேர்தான் போட்டார்கள். எதிர்வீட்டு மாமா இன்னும் என்னோடு பேசுவதில்லை. பிளம்பர் சமையலறைக் குழாயை மாற்றிவிட்டுப் போய்விட்டார். தோண்டும் வேலை இன்னும் எங்க தெருவுக்கு வரவில்லை.

அப்பா வைத்த ஒரே நிபந்தனை: "இடிக்கறப்ப டைல்ஸை உடைக்காம எடுக்கச் சொல்லுடா."

உங்க வீட்டு வாசலில் முன்பு எத்தனை படி இருந்தது என்று தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். அப்படியே, உங்க சறுக்குக்கு அடியில் என்ன இருக்கிறது என்றும் ஒருதரம் பாருங்கள்.