அதிகாரத்துக்கு மசியாத பெட்டி

ரொறன்ரோ



கனடாவில் குழந்தை பிறந்தால், பராமரிப்பு விடுப்பையும் சேர்த்து ஒன்றரை வருடம்வரை வீட்டில் நிற்கலாம். விடுப்பு முடிந்து வருகிறவர்கள் முதல் நாளே தேடுவது எங்களைத்தான். நான் இங்கே ஓர் அலுவலகத்தின் ஹெல்ப்டெஸ்கில் இருக்கிறேன். பாஸ்வேர்ட் மறந்துபோயிருக்கும். மறக்காமல் என்ன செய்யும்? பிள்ளை இரவில் எத்தனை தரம் எழும்பியது என்ற கணக்கைத் தவிர வேறெதற்கும் அந்தத் தலைகளில் இடம் இருந்திருக்காது.

மாற்றிக் கொடுப்பது இரண்டு நிமிட வேலை. மின்னஞ்சல், சம்பளச் சீட்டு, விடுப்பு விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்ட் என்பதால் சேர்வரில் ஓரிடத்தில் மாற்றினால் போதும், கைபேசியில் உடனே அஞ்சல் கொட்டத் தொடங்கும். அலுவலக மேக் மடிக்கணினியில் அதே புதுச் சொல்லைத் தட்டினால்தான் வில்லங்கம். உள்ளே விடாது. மறுபடி தொலைபேசி: "இப்பதானே மாத்தித் தந்தனீங்கள்?"

மாற்றியது உண்மைதான், மடிக்கணினிக்கு அது தெரியாது. அதன் வட்டை ஃபைல்வோல்ட் என்ற மேக்கின் பூட்டு மென்பொருள் பூட்டி வைத்திருக்கிறது. எங்களிடம் உள்ள மேக்குகளில் அந்தப் பூட்டுத் திறந்தபிறகுதான் வலையமைப்பு வரும். அதுவரை சேர்வரில் நடந்தது எதுவும் உள்ளே எட்டாது. அதற்கு ஞாபகம் இருப்பது விடுப்புக்கு முந்திய பழைய பாஸ்வேர்ட் மட்டும்.

இன்னொன்று, வட்டைப் பூட்டுவது உங்கள் பாஸ்வேர்ட் அல்ல. கணினி தானே உருவாக்கிய ஒரு நீண்ட இரகசிய எண்தான் பூட்டுகிறது. அந்த எண்ணை மூடி வைப்பதே பாஸ்வேர்டின் வேலை. அதனால் பாஸ்வேர்ட் மாறும்போது வட்டு முழுவதையும் திரும்ப எழுதவேண்டியதில்லை, மேல்மூடியை மாற்றினால் போதும். ஆனால் பழைய மூடியைத் திறக்காமல் புதியதைப் போட முடியாது. "மனேஜரிடம் சொல்லித் திறக்கலாமா?" என்று கேட்பார்கள். மனேஜர் என்ன, நிறுவனத் தலைவரே வந்து நின்றாலும் பெட்டி மசியாது. எனக்கு இது பிடித்திருக்கிறது. திருடனுக்கும் அதே பதில்தானே.

மிஞ்சுவது மீட்புத் திறப்பு. பூட்டிய அன்றே உருவாக்கி அலுவலகம் பத்திரப்படுத்தியிருக்கும். ஃபைல்வோல்டுக்கு 24 எழுத்தும் இலக்கமும். விண்டோஸின் பிட்லொக்கருக்கு 48 இலக்கம், ஆறு ஆறாக எட்டுக் கட்டுகள். இதைத் தொலைபேசியில் வாசிப்பது தனி வித்தை. நாங்கள் "டபுள் த்ரீ" என்றால் மறுபக்கம் ஒரு மூன்றை மட்டும் போடுவார்கள். பிட்லொக்கரைச் செய்தவர்கள் இதை எதிர்பார்த்திருக்க வேண்டும்: ஒவ்வொரு கட்டும் 11ஆல் மீதியின்றி வகுபடும் எண். ஓர் இலக்கம் பிசகினாலும், பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் கணக்கு உதைக்கும்.

திறப்பு இருக்கிறது சரி, அது எங்கே இருக்கிறது? 2024 ஜூலை 19ஆம் திகதி க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பழுதான அப்டேட்டால் உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. ஒரேயொரு கோப்பை அழித்தால் தீரும் சிக்கல். ஆனால் பிட்லொக்கர் பூட்டிய கணினிகளில் அந்தக் கோப்பை நெருங்கவே பெரும்பாலும் 48 இலக்கம் வேண்டியிருந்தது. சில இடங்களில் இலக்கங்களை வைத்திருந்த சேர்வரும் நீலத்திரையில்.

அலுவலகக் கதைதானே என்று விட்டுவிடாதீர்கள். அண்மையில் வாங்கிய விண்டோஸ் 11 மடிக்கணினியில் மைக்ரோசொஃப்ட் கணக்கால் நுழைந்திருந்தால், நீங்கள் கேட்காமலே வட்டு பூட்டப்பட்டிருக்கலாம். மீட்புத் திறப்பு அந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கணக்கின் பாஸ்வேர்ட் ஞாபகம் இருக்கும்போதே உள்ளே போய் அந்த 48 இலக்கத்தையும் தாளில் எழுதி, காணி உறுதி வைத்திருக்கும் கோப்பில் செருகிவிடுங்கள். மடிக்கணினிப் பைக்குள் மட்டும் வைக்காதீர்கள்.