கணினியின் ஓய்வும் எண்ணூர்ச் சாம்பலும்

ஒரு பொருளை நாம் துய்க்காதிருக்கும் பொழுதில் அது பிறர்க்குப் பயன்படுமாயின், அதனை ஈகை என்பதா, வெறுஞ் சிக்கனம் என்பதா என்னும் ஐயம் எழுதல் இயல்பு. நம் வீடுகளில் உள்ள கணினிகள் அத்தகைய பொருள்கள். நாம் கடிதம் எழுதும்போதும் பாட்டுக் கேட்கும்போதும் அவற்றின் ஆற்றலில் ஒரு சிறு பகுதியே செலவாகின்றது. எஞ்சியது வாளா கிடக்கின்றது. அங்ஙனம் கிடக்கும் ஆற்றலை விஞ்ஞான ஆராய்ச்சிக்கெனப் பல நாட்டு மக்களும் மனமுவந்து வழங்கி வருகின்றனர். இதனைத் தன்னார்வக் கணிப்பு என்று கூறலாம். இதன் இயல்பையும், இராயபுரத்தில் எம் வீட்டில் இதுபற்றி நிகழ்ந்த வழக்கினையும் ஈண்டு எழுதப் புகுகின்றேன்.

முறை எளிது. ஆராய்ச்சியாளர் ஒரு பெருங் கணக்கினைப் பல்லாயிரம் சிறு கூறுகளாகப் பிரித்துத் தம் தலைமைக் கணினியில் வைப்பர். விருப்பமுடையார் தம் கணினியில் ஒரு செயலியை நிறுவிக்கொண்டால், அஃது இணையத்தின் வழியே ஒரு கூற்றைப் பெற்று, உடையவர் பயன்படுத்தாத வேளையிற் கணக்கிட்டு, விடையைத் திருப்பி அனுப்பும். பெரும்பாலும் ஒரே கூறு இருவர்க்கு அனுப்பப்படும். இரு விடைகளும் ஒத்தாலன்றி ஏற்கப்படா. முன்பின் அறியாதார் பொறிகளை நம்பி ஆராய்ச்சி நடத்துவோர்க்கு இவ்வெச்சரிக்கை இன்றியமையாததேயாம். 1999ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லிப் பிரிவினர் 'சேட்டி அட் ஹோம்' என்பதனைத் தொடங்கினர். வேற்றுலக உயிர்கள் விடுக்கும் வானொலிக் குறிகள் உளவோ எனத் தேடுதல் அதன் நோக்கம். 50 லட்சத்திற்கு மேற்பட்டோர் அதில் சேர்ந்தனர். வேற்றுலகத்தார் எவரும் அகப்படவில்லை. 2020 மார்ச்சு 31ஆம் நாளொடு புதிய கூறுகள் வழங்கலும் நின்றது. ஆயினும் அதிலிருந்து 2002இற் கிளைத்த 'பாய்ங்க்' என்னும் செயலி பிற ஆராய்ச்சிகள் பலவற்றையும் இன்றளவும் தாங்கி நிற்கின்றது.

இம் முயற்சிகள் பலவற்றின் பெயர்களும் 'அட் ஹோம்', அஃதாவது 'வீட்டில்', என்று முடிதலை நோக்குக. வீட்டிலேயே ஒரு பெருங் காரியத்தைச் செய்து முடிக்கலாம் என்று உலகுக்குக் காட்டிய பெருமை நம் சென்னைக்கும் உண்டு. காசநோய்க்கு மருத்துவ விடுதியில் மாதக்கணக்கிற் படுத்திருத்தலே வழி என்று எண்ணியிருந்த காலத்தில், 1956ஆம் ஆண்டு சேத்துப்பட்டில் ஓர் ஆய்வு நிலையம் நிறுவப்பெற்றது. நோயாளருள் ஒரு சாராரைத் தாம்பரம் விடுதியில் வைத்தும், ஒரு சாராரை அவரவர் வீட்டிலேயே இருக்கச் செய்தும், இரு சாரார்க்கும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தனர். 1959இல் முடிவு வெளிவந்தது. நெருக்கமான வீடுகளில், குறைந்த உணவோடு இருந்தவர்களும் விடுதியில் இருந்தவர்களோடு ஏறக்குறைய ஒத்த பயனே பெற்றிருந்தனர். அவர்தம் வீட்டார்க்கு நோய் தொற்றுதலும் அதனால் மிகவில்லை. உலகமெங்கும் காசநோய் மருத்துவம் வீட்டுக்கு வந்தது இதன் பின்னரே. திருவொற்றியூரில் சரக்குப் பெட்டக லாரிகளில் வேலை செய்யும் என் மாமா சில ஆண்டுகட்கு முன் இந்நோய்வாய்ப்பட்டு, ஆறு மாதம் வீட்டிலிருந்தே மாத்திரை உண்டு தேறினார். அந்நாட்களில் என் அத்தை காலையில் மாத்திரைகளை எண்ணி உள்ளங்கையில் வைத்து, அவர் விழுங்கும்வரை எதிரில் நின்றதை யான் கண்டிருக்கின்றேன்.

அம் மாத்திரைகளுள் ஒன்று ஐசோநையாசிட். சென்னை ஆய்விலும் கொடுக்கப்பட்ட மருந்து அது. காசநோய்க் கிருமியைச் சூழ்ந்து மெழுகுபோன்றதொரு கவசம் உண்டு. மைக்காலிக் அமிலங்கள் என்னும் நீண்ட மூலக்கூறுகள் அதன் சிறப்பான உறுப்புக்கள். அவை உருவாகாதபடி தடுத்தலே ஐசோநையாசிட்டின் வேலை. அவை எவ்வெவ்வாறு மடிந்து நெருங்கிக் கவசமாகின்றன என்பதனைக் கணக்கினாற் காண்பதற்கு இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தார் 2016இல் ஒரு முயற்சி தொடங்கினர். 'வேர்ல்ட் கம்யூனிட்டி கிரிட்' என்னும் அமைப்பின் வாயிலாக உலகத்தார் வீட்டுக் கணினிகளில் அக் கணக்கு நடைபெற்றது. உலகக் காசநோயாளருள் ஏறக்குறைய நாலில் ஒருவர் இந்தியர். எம் மாமாவின் நெஞ்சகத்தில் இருந்த கிருமியின் கவசத்தை, யாரோ ஒரு நார்வே நாட்டாரின் கணினி அவர் உறங்கும்போது ஆராய்ந்திருக்கலாம் என்னும் நினைவே என்னை இம்முயற்சியின்பால் இழுத்தது.

எனக்கென ஒரு கணினி கிடைத்தது பின்னரே. ரிச்சி தெருவில் வாங்கிய பழம்பொருள். யான் அதனைச் சேர்த்தது காசநோய்ப் பணியிலன்று, 'ஐன்ஸ்டைன் அட் ஹோம்' என்பதில். 2005இல் தொடங்கிய அது, அண்டத்தில் விரைந்து சுழலும் துடிவிண்மீன்களைத் தேடுவது. 2010இல் அமெரிக்க நாட்டு அயோவாவில் வாழும் கணவன் மனைவியர் கணினியும், ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்தார் ஒருவர் கணினியும் நொடிக்கு 41 முறை சுழலும் புதியதொரு விண்மீனைக் காட்டிக்கொடுத்தன. (அதற்குச் செவியாக இருந்த அரிசீபோ வானொலித் தொலைநோக்கி 2020இல் இடிந்து வீழ்ந்தது.) தமிழ் பயிலும் மாணவனுக்கு விண்மீன் ஏன் என்று நண்பர் நகைத்தனர். அதற்கு விடை கூறுதல் எளிதாயிருந்தது.

என் தந்தையார்க்கு விடை கூறுதல் அத்துணை எளிதாயில்லை. அவர் காசிமேட்டில் விசைப்படகு எஞ்சின் பழுதுபார்ப்பவர். "சும்மா கிடக்கும் ஆற்றலைத்தான் கொடுக்கின்றேன், அப்பா" என்றேன்.

"எந்த எஞ்சின் தம்பி சும்மா ஓடும்? ஓடினால் டீசல் குடிக்கும். சுமையேற்றினால் இன்னும் குடிக்கும். உன் பெட்டி மட்டும் காற்றைக் குடித்தா ஓடுகிறது?" என்றார் அவர்.

பொறியறிந்தவர் சொல் அது. ஒரு சிறு மின்னளவியை இரவல் வாங்கிச் சோதித்தேன். வாளா இருக்கும் கணினியைவிடக் கணக்கிடும் கணினி 85 வாட் மிகுதியாக ஈர்த்தது. இரவும் பகலும் ஓடினால் நாளொன்றுக்கு 2 யூனிட். இரண்டு மாதத்திற் 120 யூனிட். வீடுகட்கு இரண்டு மாதத்திற்கு அரசு அந்நாளில் இலவசமாக அளித்ததே 100 யூனிட்தான். "தருமம் செய்பவன் நீ; கணக்குத் தீர்ப்பவன் நான்" என்று தந்தையார் சிரித்தார்; செயலியை நிறுத்தச் சொன்னாரில்லை.

நிற்க. காசுக் கணக்கினும் பெரியதொரு கணக்கு இங்கு உண்டு. பிற ஊரார்க்கு மின்சாரம் சுவரிலிருந்து வருவது. வடசென்னையார்க்கு அஃது எங்கிருந்து வருவதென்று தெரியும். 1970இல் எழுந்த எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டதாயினும், அத்திப்பட்டிலும் வல்லூரிலும் நிலையங்கள் ஓடுகின்றன. ஒடிசாவின் நிலக்கரி பாரதீப்பிற் கப்பலேறி எண்ணூர்த் துறையில் இறங்குகின்றது. ஒரு யூனிட் மின்சாரத்திற்கு ஏறத்தாழ முக்காற் கிலோ நிலக்கரி வேண்டும். நம் நாட்டு நிலக்கரியிலோ மூன்றில் ஒரு பங்கு சாம்பல். எனவே என் கணினி இரண்டு மாதம் அல்லும் பகலும் விண்மீன் தேடினால், அம் மின்சாரம் முழுவதும் நிலக்கரியால் ஆயதென்று கொள்ளின், முப்பது கிலோச் சாம்பல் எங்கேனும் ஓரிடத்திற் குவியவேண்டும். கொசத்தலையாற்றின் கழிமுகத்தில் சாம்பல் படிந்து ஆழம் குறைந்ததும், அதனால் மீனும் இறாலும் அருகியதும் பலரும் அறிந்த செய்தி.

என் ஆயா எண்ணூர்க் காட்டுக்குப்பத்தில் வாழ்பவர். விடுமுறையிற் சென்றிருந்தபோது, கைப்பேசியில் விண்மீன் படங்களைக் காட்டி இவ்வளவும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வானத்து மீன் இருக்கட்டும், கண்ணு, ஆற்று மீனுக்கு ஏதாவது வழி சொல்" என்றார். அவர் அதனைக் கேலியாகச் சொல்லவில்லை. படித்த பேரன் அறிந்திருப்பான் என்றே கேட்டார்.

இதன்பின் யான் என் செயலை வரையறுத்துக்கொண்டேன். எல்லாக் கணக்கும் ஒரே தரத்தன அல்ல என்பது என் துணிபு. காசநோய்க் கிருமியின் கவசம் பற்றியதாயின், இரவு மின்சாரத்தையும் செலவிடலாம். அதற்கு ஆயாவே உடன்படுவார், தம் மகனைக் காப்பாற்றிய மாத்திரை அவர்க்குத் தெரியும். கோடிக்கணக்கான இலக்கங்களையுடைய பகா எண்களைத் தேடும் முயற்சியும் உலகில் உண்டு. 2024இற் கண்ட ஒன்றற்கு நான்கு கோடிக்கு மேற்பட்ட இலக்கங்கள். கணித நண்பர்கள் பொறுத்தருள்க: அதற்கென எண்ணூரில் ஒரு கைப்பிடிச் சாம்பலும் கொட்ட யான் ஒருப்படேன். விண்மீன் இவ்விரண்டற்கும் இடையில் நிற்பது. ஆகலின் அதற்குக் கதிரவனே விலை கொடுக்கட்டும் என்று விட்டேன். எந்த மணியில் ஓடவேண்டும், எவ்வளவு ஆற்றல் கொள்ளவேண்டும் என்று வரையறுக்கும் வசதி அச் செயலியில் உண்டு. காலை 10 மணி முதல் மாலை 3 மணி வரை, சூரிய மின்சாரம் மிகும் வேளையில் மட்டும் அது கணக்கிடுகின்றது. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாயிற் காற்று வீசும் காலத்தில் சற்று மிகுதியாக விடுகின்றேன். இதனால் அனல்மின் நிலையத்து உலை ஒன்றும் அவிந்துவிடவில்லை. நண்பகலிலும் அவை எரிந்துகொண்டுதான் இருக்கின்றன. மாலை விளக்கேற்றும் நேரத்து நெருக்கடியில் என் பங்கு சேராது, அவ்வளவே. கத்திரி வெயிலில் அறையே உலைக்களமாதலின் அம் மாதத்தில் முற்றும் நிறுத்தல் வேண்டியதாயிற்று.

நம் கல்லூரிக் கணினிக் கூடத்திலும் இதனை நிறுவவேண்டுமென நண்பர் சிலர் விழைகின்றனர். அதிகாரிகளின் இசைவின்றிச் செய்யற்க என்பதோடு, கூடத்தில் ஒரு மின்னளவியையும் உடன் மாட்டுக என்பது என் வேண்டுகோள்.

சென்ற கிழமை யான் அனுப்பிய விடை ஒன்று இன்னும் ஒப்புநோக்கப்படாமற் கிடக்கின்றது. அதே கூற்றைப் பெற்ற மற்றைக் கணினி எந்நாட்டில் உள்ளதோ, அங்கே இப்போது பகலோ இரவோ, அதன் மின்சாரம் எந்த ஆற்றங்கரையில் எழுகின்றதோ, அறியேன். அதன் விடை வந்த பின்னரே என்னுடையது செல்லும்.