நிரந்தரப் பாதையும் தினக்கூலியும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. ஒக்கலிபுரத்தில் எங்கள் வீட்டு வாசற்படியில் அமர்ந்து, மூன்றாம் வகுப்பில் பயிலும் என் மகள் பள்ளிப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். ‘நமக்கு உதவுவோர்’ என்பது பாடம். தபால்காரர், போலீஸ்காரர், மருத்துவர், செவிலியர் எல்லோருக்கும் புத்தகத்தில் படம் இருந்தது. கடைசியில் ஒரு வெற்றுக் கட்டம். வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரை அதில் வரைந்து, அவர் செய்த தொழிலின் பெயரை ஆங்கிலத்தில் எழுதிவர வேண்டுமென்பது ஆசிரியையின் கட்டளை. தாத்தாவை வரைந்தாயிற்று. தலையில் முண்டாசும் கையில் கடப்பாரையுமாக நன்றாகவே நின்றார். பெயர்தான் பாக்கி.

“அப்பா, தாத்தா வேலைக்கு இங்கிலீஷில் என்ன?” என்று கேட்டாள்.

இரயில்வேயில் பன்னிரண்டு ஆண்டுகளாகக் குமாஸ்தா வேலை பார்ப்பவன் நான். சம்பளப் பட்டியலிலும் வருகைப் பதிவேட்டிலும் நாள்தோறும் உத்தியோகப் பெயர்களை எழுதுவதே என் பிழைப்பு. அப்படிப்பட்டவனுக்கு அந்தக் கேள்விக்கு உடனே வாய் திறக்க இயலவில்லை. விடை தெரியாமல் அன்று. அதே கட்டம் என் பள்ளிப் பருவத்திலும் ஒருமுறை வந்தது. அதில் நான் எழுதியது நினைவுக்கு வந்துவிட்டது.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு படிவம் கொடுத்தார்கள். தந்தையின் தொழில் என்ற இடத்தில் என் தோழர்கள் கணக்கர், வியாபாரி, ஓட்டுநர் என்று எழுதினார்கள். நான் ‘ரெயில்வே எம்ப்ளாயி’ என்று எழுதினேன். இரவு தந்தையாரிடம் கையொப்பத்துக்கு நீட்டினேன். அந்த இரண்டு சொற்களின்மேல் விரலை வைத்து, “இது என்னப்பா?” என்றார். “ரயில்வேயில் வேலை என்று அர்த்தம்” என்றேன். “கேங்மேன் என்று போட இடம் போதவில்லையா?” என்று கேட்டுவிட்டுக் கையெழுத்திட்டார். இடம் தாராளமாக இருந்தது. அதை அவரும் பார்த்திருப்பார்.

நம் சங்கத்து அன்பர்கள் பலருடைய வீட்டிலும் இப்படியொரு கட்டம் இருந்திருக்கும். இந்த நகரத்தின் தண்டவாளங்களிலும் தார்ச் சாலைகளிலும் நம்மவரின் கை படாத இடம் குறைவு. ஆனால் அந்த வேலைகளுக்கெல்லாம் பெயர் வைத்தவர்கள் வேறு. அந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன என்று அன்றிரவு மகளின் அகராதியையும் கைபேசியையும் வைத்துக்கொண்டு தேடத் தொடங்கினேன். கல்லூரிப் படி மிதிக்காதவன் நான். இருந்தாலும் கண்டதை எழுதுகிறேன்.

‘கேங்’ என்றால் இன்று கொள்ளைக் கூட்டம் என்றே பிள்ளைகள் நினைக்கிறார்கள். சினிமா செய்த வேலை. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு நடத்தல், செல்லுதல், வழி என்றே பொருள். கப்பலில் ஏறும் பலகை வழிக்கு இன்றும் ‘கேங்வே’ என்ற பெயர் இருக்கிறதல்லவா? சேர்ந்து நடப்பவர்கள் என்ற பொருள் பிறகு வந்தது. என் தந்தையாரின் உத்தியோகப் பெயர், அப்படிப் பார்த்தால், நடப்பவர் என்பதே. அது அவருக்குப் பொருந்துவதுபோல் வேறு எந்தப் பெயரும் பொருந்தாது.

இங்கிலாந்தில் இதே வேலையைச் செய்தவனுக்குப் ‘பிளேட்லேயர்’ என்று பெயர். அதாவது தகடு பதிப்பவன். இரயில் எஞ்சின் வருமுன், குதிரை இழுக்கும் வண்டிகளுக்காக விளிம்பு வைத்த இரும்புத் தகடுகளைத் தரையில் பதித்து வழி அமைத்தார்கள். தகடு போய்த் தண்டவாளம் வந்த பிறகும் ஆளுக்குத் தகட்டின் பெயரே நிலைத்துவிட்டது. மண் வெட்டிப் பாதை போட்டவனுக்கோ ‘நாவி’ என்று பெயர். கப்பலுக்கு வழிகாட்டும் ‘நாவிகேட்டர்’ என்ற சொல்லின் சுருக்கம் அது. பதினெட்டாம் நூற்றாண்டில் அந்நாட்டில் படகு செல்லும் கால்வாய்களை வெட்டியவர்களுக்கு இட்ட பெயர், அவர்களே இரயில் பாதைக்கு மண் வெட்ட வந்தபோது கூடவே வந்தது. கடலையே பார்த்திராத மண்வெட்டிக்காரனுக்கு மாலுமியின் பெயர்!

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. அல்சூர் ஏரிக்கருகில் இருக்கும் மதராஸ் பொறியாளர் படையை அறியாத பெங்களூர்த் தமிழர் இல்லை. 1780-ல் தோன்றிய அந்தப் படையின் முன்னோர்க்குப் ‘பயனியர்’ என்று பெயர். படைக்கு முன்னே சென்று புதர் வெட்டிப் பாதை அமைத்தவர்கள் அவர்கள். இன்று அந்தச் சொல்லைப் பெரிய விஞ்ஞானிகளுக்கும் தலைவர்களுக்கும் அடைமொழியாகச் சூட்டுகிறார்கள். அதன் வேரைப் பார்த்தால் காலால் நடக்கும் சிப்பாய் என்ற பொருள் வருகிறது. நம் அலுவலகத்தில் கோப்பு தூக்கும் ‘பியூன்’ என்பதும் அதே வேரில் கிளைத்தது. சதுரங்கத்தின் சிப்பாய்க் காய்க்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘பான்’ என்ற பெயரும் அப்படியே. மூவருக்கும் கால்தான் மூலதனம்.

சாலைக்குத் தம் பெயரையே கொடுத்துவிட்டுப் போனவரும் உண்டு. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் லௌடன் மெக்காடம், உடைத்த சிறு கற்களை அடுக்கடுக்காகப் பரப்பி இறுக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1836-ல் அவர் காலமானார். நம் ஊர்ப்புறத்தில் கப்பி ரோடு என்று சொல்கிறோமே, அதுவே உலகமெங்கும் மெக்காடம் சாலை. கல்லை உடைத்தவர்களின் பெயர் எந்தச் சாலைக்கும் வாய்த்ததாகத் தெரியவில்லை. எங்கள் பூர்விகமான தருமபுரிப் பக்கத்திலும் இதே கதைதான். அதியமான் பெருவழி என்று பொறித்து, இத்தனை காதம் என்று குறித்த பழைய மைல்கற்கள் அங்கே கிடைத்திருக்கின்றன. கல்லில் அதியமான் பெயர் உண்டு. வழி போட்டவன் பெயர் இல்லை.

சாலையை விட்டு என் துறைக்கே திரும்புகிறேன். தண்டவாளம், சிலீப்பர் கட்டை, அடியிலுள்ள ஜல்லி ஆகிய அனைத்தையும் சேர்த்து இரயில்வேயில் ‘பெர்மனென்ட் வே’ என்பார்கள். நிரந்தரப் பாதை. இந்தப் பெயரைப் பல்லாயிரம் முறை எழுதியிருக்கிறேன். ஏன் நிரந்தரம் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. புதிதாக இரயில் பாதை போடும்போது, மண்ணும் கல்லும் ஏற்றிய வண்டிகள் செல்ல முதலில் ஒரு தற்காலிகப் பாதை போடுவார்களாம். வேலை முடிந்தபின் அதைப் பிடுங்கிவிட்டு நிலையான பாதையைப் பதிப்பார்கள். அதனால் வந்த பெயர் அது.

பாதை நிரந்தரம். ஆள்?

என் தந்தையார் 1980-ல், இருபத்துநான்கு வயதில், மீட்டர் கேஜ் வண்டியில் இந்த நகருக்கு வந்திறங்கினார். இருப்புப்பாதைக் கட்டுமானப் பணியில் ‘கேஷுவல் லேபர்’ என்று சேர்த்தார்கள். தினக்கூலி. இன்று வேலை உண்டு, நாளை உண்டா என்பது மேஸ்திரிக்கே தெரியாது. வேலை செய்த நாட்களைக் குறித்துத் தரும் ஓர் அட்டை மட்டுமே சாட்சி. அந்த அட்டையை எண்ணெய்த் தாளில் சுற்றித் தகரப் பெட்டியில் வைத்திருந்தார். என் தாயாரின் தாலிக்கொடி அடகுக்குப் போய் வந்ததுண்டு. அந்த அட்டை மட்டும் பெட்டியை விட்டு வெளியே போனதில்லை. 1985-ல் உச்சநீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பையடுத்து, கட்டுமானப் பணியில் 360 நாள் உழைத்தவர்களுக்குப் படிப்படியாகத் தற்காலிகத் தகுதி கிடைத்தது. அட்டையைக் காட்டித்தான் என் தந்தையாரும் அதைப் பெற்றார். 1984 முதல் கணக்கு. வேலை நிரந்தரமானது 1991-ல்.

2016-ல் ஓய்வு பெற்றபோது ஓய்வூதியக் கணக்குத் தாள் வந்தது. அப்போதிருந்த விதிப்படி, தற்காலிகத் தகுதியில் உழைத்த ஆண்டுகளில் பாதி மட்டுமே சேரும். அதற்கு முந்திய நான்காண்டுகள் அடியோடு இல்லை. நானே கூட்டிப் பார்த்தேன். இருபத்தெட்டரை ஆண்டுகள் வந்தன. கூட்டலில் பிழையில்லை. தந்தையாருக்கு விதியை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “ஏழு வருஷத்துக்கு மூன்றரை என்கிறாய். அப்போது நான் பாதிக்காலாலா நடந்தேன்?” என்றார். குமாஸ்தாவுக்கு அதற்குப் பதில் இல்லை. தமிழ்நாட்டில் 2002-ல் நீக்கப்பட்டு 2006-ல் மீண்டும் சேர்க்கப்பட்ட ஆயிரக்கணக்கான சாலைப் பணியாளர்கள், இடையில் இழந்த மாதங்களைப் பணிக்காலமாகச் சேர்க்க வேண்டுமென்று போராடியபோது, அந்தச் செய்தியைத் தந்தையார் என்னை இரண்டு முறை படிக்கச் சொன்னது இதனால்தான்.

அந்த நடையை நானும் அறிவேன். இலாகாத் தேர்வெழுதி மேசைக்கு வருமுன் மூன்றாண்டுகள் ஜல்லியில் வேலை செய்தவன். அப்போதே கேங்மேன் என்ற பெயர் போய் டிராக்மேன் என்றாகியிருந்தது. இப்பொழுது டிராக் மெயின்டெய்னர். கீமேன் என்பவர் காலையில் புறப்பட்டு ஒரு தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே ஆறேழு கிலோமீட்டர் போவார். மற்றத் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு திரும்புவார். தோளில் சுத்தியலும் ஸ்பேனரும் சிவப்புக் கொடியும் இருக்கும். முன்காலத்தில் தண்டவாளத்தை இறுக்க ‘கீ’ என்னும் ஆப்பு இருந்தது. அதை அடித்து இறுக்குபவர் கீமேன். இன்று கான்கிரீட் சிலீப்பரில் வளைந்த எஃகுக் கிளிப்தான் பெரும்பாலும்; பெயர் மட்டும் ஆப்போடு நிற்கிறது. சித்திரை வெயிலில் இரும்பு நீண்டு பாதை நெளியுமோ என்று காவல். மழைக்காலத்தில் கரை அரிக்குமோ என்று இரவெல்லாம் விளக்கோடு காவல். வண்டியில் உறங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு அந்த விளக்கு ஒரு கணம் தெரிந்து மறையும்.

கூலி என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் மொழியில் கூலி என்பது உழைப்புக்கு ஈடாகக் கிடைக்கும் பொருள், ஆள் அன்று. வாங்குகிறவர் கூலிக்காரர். இது ஆங்கிலத்தில் புகுந்தபோது காரர் தொலைந்துவிட்டார். காசின் பெயரே மனிதனின் பெயராயிற்று. குஜராத்துப் பக்கத்துக் கோலி இனத்தாரின் பெயரிலிருந்து அது வந்தது என்போரும் உண்டு. எப்படியாயினும், 1860-ல் சென்னையிலிருந்து நேட்டால் சென்ற முதல் கப்பலில் போனவர்களை அந்தப் பெயர் துரத்தியது. பின்னாளில் அங்கே வழக்காடச் சென்ற காந்தியடிகளையும் ‘கூலி பாரிஸ்டர்’ என்றார்கள். 2016 இரயில்வே பட்ஜெட்டில், நிலையத்துச் சுமைதூக்குவோரை இனிச் ‘சகாயக்’ என்று அழைக்க வேண்டுமென அறிவித்தார்கள். நம் சிட்டி ஸ்டேஷனிலோ அந்தப் பழைய குரல் இன்னும் கேட்கிறது. நம்மிடமிருந்து போன சொல்லானதால் எனக்கு அது இரட்டிப்பாக உறைக்கிறது.

இத்தனையும் தேடிவிட்டு மறுநாள் காலை மகளிடம், “டிராக் மெயின்டெய்னர் என்று எழுது” என்றேன். பார்ப்பதற்குக் கௌரவமாக இருக்குமென்று நினைத்தேன். பழைய புத்தி எளிதில் போவதில்லை. அவளோ தாத்தாவிடமே ஓடினாள்.

“கேங்மேன் என்று எழுது கண்ணு. என்னை அப்படித்தான் கூப்பிட்டார்கள்” என்றார் அவர். பெரிய எழுத்துக்களில் எழுதிக்கொண்டு போனாள்.

மாலையில் நோட்டு திரும்பி வந்தது. அந்தச் சொல்லைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டமும் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் இருந்தன. ஆசிரியைமீது குற்றமில்லை, கேங் என்றதும் அவருக்கும் சினிமாதான் தோன்றியிருக்கும். ஆனால் குழந்தையின் முகம் சிறுத்திருந்தது. நோட்டைத் தாத்தா காணாதபடி பைக்குள் செருகப் பார்த்தாள். அந்தச் செய்கை என்னைச் சுட்டது.

அன்றிரவே ஆசிரியைக்கு ஒரு கடிதம் எழுதினேன். அலுவலகக் கடிதம்போல் திருத்தமாக, அரைப்பக்க அளவில். கேங்மேன் என்பது இரயில்வேயில் பல தலைமுறை வழங்கிய உத்தியோகப் பெயர். இந்நகரின் நிரந்தரப் பாதையைப் பழுதின்றிக் காப்பவருடைய வேலை அது. என் தந்தை அந்த வேலையைச் செய்தவர். இவ்வளவே. கீழே என் கையெழுத்து.

கட்டிலில் படுத்திருந்த தந்தையார், “என்னப்பா எழுதுகிறாய்?” என்றார். தமிழில் சொல்லிக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டே கேட்டார்.

“எத்தனை வருஷம் என்று போட்டாயா?”

“போட்டிருக்கிறேன்.”

“இருபத்தெட்டரையா?”

“இல்லை அப்பா. முப்பத்தாறு.”

“சரி” என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். சற்று நேரத்தில் கோலார்ப் பக்கம் போகும் வண்டி ஒன்று எங்கள் வீட்டுச் சன்னலை அதிரவைத்துக்கொண்டு கடந்தது. அவர் அதற்குள் உறங்கிவிட்டிருந்தார்.